தரமணியின் நிர்வாகப் பிரிவுகளும் மக்கள்தொகையும்

தரமணி தென்சென்னையில் உள்ள ஒரு பகுதி. இதன் வடக்கில் ஐஐடி வளாகமும் கிழக்கில் திருவான்மியூரும் மேற்கில் வேளச்சேரியும் தெற்கில் பெருங்குடியும் அமைந்துள்ளன. செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தில் சிற்றூராக இருந்த தரமணி, 1978ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி விரிவாக்கத்தின்போது நகர எல்லைக்குள் வந்தது. அதன் பின்னர் 33 ஆண்டுகள், 2011 வரை, மாநகரின் தென் எல்லை தரமணிக்கும் பெருங்குடிக்கும் இடையே இருந்தது. 2018 வரை மாவட்ட எல்லையும் அதுவே. கிராமம், மாநகராட்சி, வருவாய் வட்டம், மாவட்டம், பெருநகரத் திட்டப் பகுதி ஆகிய பிரிவுகள் ஒரே இடத்தில் எவ்வாறு மாறி வந்தன, அம்மாற்றங்கள் மக்கள்தொகைக் கணக்கை எவ்வாறு பாதித்தன என்பதற்குத் தரமணியும் அதன் சுற்றுப்புறமும் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பழைய நாட்டுப் பிரிவுகள்

இப்பகுதி தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது என்பது மரபு. சோழர் ஆட்சியில் இது செயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. அண்டை ஊர்களான திருவான்மியூர், வேளச்சேரி ஆகியவற்றின் கோயில் கல்வெட்டுகள் அவ்வூர்களைப் புலியூர்க் கோட்டத்துக் கோட்டூர் நாட்டில் வைத்துக் குறிப்பிடுகின்றன. வேளச்சேரியின் பழைய பெயர் வெளிச்சேரி. நாட்டுக்குப் பெயர் தந்த கோட்டூர், தரமணிக்கு வடக்கே இன்றும் அதே பெயரில் உள்ளது. ஊர், நாடு, கோட்டம், மண்டலம் என்ற அடுக்கு நிலவரிக்கும் பாசனத்துக்கும் கோயில் கொடைக்கும் உரிய அடுக்காக இருந்தது. ஆட்களை எண்ணுவது அதன் நோக்கமன்று.

செங்கல்பட்டுச் சாகீர்

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபு முகமது அலி, சென்னையைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராக அளித்தார். அந்நிலப்பரப்பின் விளைச்சலையும் உரிமைகளையும் அறிய விரும்பிய கம்பெனி, தாமசு பர்னார்டு என்ற பொறியாளரை அளவைப் பணிக்கு அமர்த்தியது. 1767 முதல் 1774 வரை நடந்த அந்த அளவை ஏறத்தாழ 2,000 ஊர்களை உள்ளடக்கியது. ஒவ்வோர் ஊரின் நிலம், ஏரி, தோப்பு, வீடுகள், குடிகளின் தொழில், கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் உரிய பங்கு ஆகியவை அதில் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்த தமிழ்க் கணக்குகளே இதற்கு அடிப்படை. அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தமிழகத்தில் ஊர் வாரியாக வீடுகளையும் குடிகளையும் காட்டும் பழைய தொகுப்புகளுள் இது முதன்மையானது.

சாகீர் பின்னர் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. மாவட்டம் வட்டங்களாகவும், வட்டம் உள்வட்டங்களாகவும், உள்வட்டம் வருவாய்க் கிராமங்களாகவும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் எல்லைக் கற்களும் புல எண்களும் இருந்தன. கிராமத்துக்குள் ஊர் நத்தம், சேரி நத்தம், ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாடு என்று நிலம் வகைப்படுத்தப்பட்டது. ஊரும் சேரியும் தனித்தனி நத்தங்களில் அமைந்திருந்ததால், குடியிருப்பு மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாத நிலையில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை இந்நிலையை விரிவாக விளக்கியது. பின்னர் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கு அந்த அறிக்கையே வழிவகுத்தது.

சைதாப்பேட்டை வட்டம்

சென்னை நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த சிற்றூர்கள் சைதாப்பேட்டை வட்டத்தில் அடங்கின. மாவட்டத்தின் பெயர் செங்கல்பட்டு என்றாலும், ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் சைதாப்பேட்டையிலேயே இயங்கியது. எனவே தரமணியைப் போன்ற ஊர்களுக்கு மாவட்டத் தலைமையிடம் சில கல் தொலைவில்தான் இருந்தது. சைதாப்பேட்டை நகராட்சி 1946இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல், செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் வேறொரு மாவட்டமான சென்னைக்குள் இருந்தது. 1968இல் அது காஞ்சிபுரத்துக்கு மாறியது. அதனால் சென்னைக்கு வெகு அருகில் இருந்த ஊர்களின் மக்கள் ஆட்சியரைக் காண ஏறத்தாழ 70 கிலோமீட்டர் செல்ல வேண்டியதாயிற்று.

இந்திய விடுதலைக்குப் பின் தரமணியின் நிலப்பயன்பாடு விரைவாக மாறியது. 1959இல் கிண்டிக் காட்டுப் பகுதியில் ஐஐடி நிறுவப்பட்டது. அதன் தெற்கே மத்தியத் தொழில்நுட்பப் பயிலகத்தையும் அதைச் சார்ந்த கல்வி நிறுவனங்களையும் கொண்ட பெரிய வளாகம் உருவானது. கணித அறிவியல் நிறுவனம் (1962), தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் (1964), உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் (1970) ஆகியவை தோன்றிய ஆண்டுகளைப் பார்த்தால், தரமணியின் இன்றைய அடையாளமாக விளங்கும் நிறுவனங்கள் பல, ஊர் மாநகராட்சிக்குள் வருவதற்கு முன்பே நிறுவப்பட்டவை என்பது விளங்கும்.

இதற்கிடையே இன்னோர் எல்லையும் வரையப்பட்டது. 1970களில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டபோது 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பு பெருநகரத் திட்டப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. நகரைச் சூழ்ந்த சிற்றூர்கள் உள்ளாட்சி நிலையில் ஊராட்சிகளாகவும், வருவாய் நிலையில் செங்கல்பட்டு மாவட்டமாகவும், கட்டட அனுமதி நிலையில் சென்னைப் பெருநகரமாகவும் ஒரே நேரத்தில் இருந்தன.

மாநகராட்சியின் விரிவாக்கம்

1688இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் பரப்பையே கொண்டிருந்தது. 1946ஆம் ஆண்டு விரிவாக்கத்துக்குப் பின் பரப்பு சுமார் 129 சதுர கிலோமீட்டர் ஆனது. 1978இல் தரமணி, வேளச்சேரி, திருவான்மியூர், விருகம்பாக்கம், சாலிகிராமம், கோயம்பேடு, வில்லிவாக்கம், கொளத்தூர், எருக்கஞ்சேரி, கொடுங்கையூர் ஆகிய ஊர்கள் சேர்ந்தபோது பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. இவ்வூர்கள் மாநகராட்சியுடன் சென்னை மாவட்டத்துக்கும் மாற்றப்பட்டன. சென்னையில் மாநகராட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றாகவே இருந்ததே இதற்குக் காரணம்.

2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. தரமணிக்குத் தெற்கே பெருங்குடி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் ஆகியவை பேரூராட்சிகளாகவும், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை ஆகியவை பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊராட்சிகளாகவும் அதுவரை இருந்தன.

மக்கள்தொகையும் எல்லையும்

சென்னை நகரத்தின் மக்கள்தொகையாகக் கணக்கெடுப்புகளில் பதிவான எண்கள் பின்வருமாறு:

1871: 3,97,552
1901: 5,09,346
1941: 7,77,481
1951: 14,16,056
1961: 17,29,141
1971: 24,69,449
1991: 38,41,396
2001: 43,43,645
2011: 46,46,732

1941க்கும் 1951க்கும் இடையே மக்கள்தொகை 82 விழுக்காடு உயர்ந்ததாக இப்பட்டியல் காட்டுகிறது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் நகருக்கு வந்து குடியேறியோர் பலர். எனினும் அந்த உயர்வின் ஒரு பகுதி 1946இல் எல்லை நகர்ந்ததால் வந்தது. சைதாப்பேட்டை போன்ற இடங்களில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள், வீடு மாறாமலே சென்னை மக்களாக எண்ணப்பட்டனர்.

1978ஆம் ஆண்டு விரிவாக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் தன் திட்ட ஆவணங்களில் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை விரிவாக்கப்பட்ட எல்லைக்கு ஏற்பத் திருத்தி 26.42 இலட்சம் என்று காட்டுகிறது. பழைய எல்லைக்கு உரிய 24.69 இலட்சத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.7 இலட்சம். தரமணி உள்ளிட்ட இணைப்புப் பகுதிகளில் 1971இல் இருந்தோர் இவர்களே. 1981ஆம் ஆண்டுக்கு அதே ஆவணம் தரும் எண் 32.85 இலட்சம். பழைய எல்லையின் 1971 எண்ணோடு இதை ஒப்பிட்டால் பத்தாண்டு வளர்ச்சி 33 விழுக்காடு. திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் 24 விழுக்காடு மட்டுமே.

2001க்கும் 2011க்கும் இடையே நடந்தது இதற்கு நேர்மாறானது. சென்னை மாவட்டம் அப்பத்தாண்டில் சுமார் 7 விழுக்காடே வளர்ந்தது. அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 28,77,468இலிருந்து 39,98,252 ஆக, அதாவது 39 விழுக்காடு உயர்ந்தது. இந்த உயர்வில் கணிசமான பங்கு சென்னையை ஒட்டிய பகுதிகளுக்கு உரியது. 2000ஆம் ஆண்டு சூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. வேலைவாய்ப்பு தரமணியில் தொடங்கித் தெற்கே நீண்டது. ஊழியர்கள் குடியேறிய பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் ஆகியவை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. எனவே ஒரே சாலையில் நிகழ்ந்த வளர்ச்சி இரண்டு மாவட்டங்களின் கணக்கில் இரண்டு விதமாகப் பதிவானது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிப்ரவரி மாதத்தில் நடந்தது. மாநகராட்சி விரிவானது அக்டோபரில். ஆகையால் 46.47 இலட்சம் என்பது பழைய 174 சதுர கிலோமீட்டருக்கு உரிய எண். புதிய எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் சுமார் 67 இலட்சம். மக்கள் அடர்த்தியும் இவ்வாறே மாறும். பழைய எல்லையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கு மேல் இருந்த அடர்த்தி, புதிய எல்லையில் 16,000க்கும் கீழ் வருகிறது. எனவே சென்னையின் மக்கள்தொகையைக் குறிப்பிடும்போது எந்த எல்லைக்கு உரியது என்பதையும் குறிப்பிடுவது இன்றியமையாதது.

கணக்கெடுப்பில் கிராமமும் வார்டும்

மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் தனி வரி உண்டு. பரப்பு, வீடுகள், ஆண்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், எழுத்தறிவு பெற்றோர், தொழில் செய்வோர் என அந்த வரியில் ஓர் ஊரின் நிலையைக் காணலாம். வருவாய்க் கிராம எல்லைகள் எளிதில் மாறாதவை என்பதால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் எண்களை ஒப்பிடுவது எளிது.

மாநகராட்சிக்குள் வந்த ஊருக்கு இந்தத் தனி வரி இல்லை. மக்கள் வார்டு எண்ணின் கீழ்த் தொகுக்கப்படுகின்றனர். வார்டு எல்லைகளோ மறுவரையறையின்போது மாறுகின்றன. தரமணி, கானகம் போன்ற பழைய ஊர்ப் பெயர்கள் பேருந்து நிறுத்தத்திலும் அஞ்சல் முகவரியிலும் நிலப் பதிவுகளிலும் தொடர்ந்தாலும், மக்கள்தொகைப் பட்டியலில் அவற்றின் இடத்தை எண்களே பெற்றுள்ளன.

இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. மக்கள்தொகை 5,000க்குக் குறையாமலும், ஆண் தொழிலாளரில் 75 விழுக்காட்டினரேனும் வேளாண்மை அல்லாத தொழிலிலும், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 400க்குக் குறையாமலும் இருந்தால் ஓர் ஊராட்சியைக் கணக்கெடுப்புத் துறை 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்தும். கொட்டிவாக்கம், நீலாங்கரை போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவை கணக்கெடுப்பில் நகரமாகவும் உள்ளாட்சிச் சட்டத்தில் ஊராட்சியாகவும் இருந்தன. நகர மக்கள்தொகையைத் தாங்கிய அவ்வூர்களிடம் இருந்தவை ஊராட்சிக்கு உரிய வருவாயும் பணியாளர்களும் மட்டுமே.

கணக்கெடுப்பு வசிப்பிடத்தில் நடப்பதால் பகல்நேர மக்கள்தொகை அதில் இடம்பெறுவதில்லை. தரமணியில் இந்த வேறுபாடு பெரிது. கல்வி நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், மருத்துவமனை, தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் வந்து செல்வோர் இங்குள்ள சாலையையும் குடிநீரையும் கழிவுநீர் வசதியையும் பயன்படுத்துகின்றனர். 2007 நவம்பரில் திருவான்மியூரிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் தொடருந்து நீட்டிக்கப்பட்டபோது தரமணிக்கும் நிலையம் கிடைத்தது.

வார்டுகளும் பிரதிநிதித்துவமும்

2011 விரிவாக்கத்துக்கு முன் மாநகராட்சியில் 155 வார்டுகள் இருந்தன. விரிவாக்கத்துக்குப் பின் மொத்தம் 200 வார்டுகளும் 15 மண்டலங்களும் அமைந்தன. பழைய நகரப் பகுதியின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. இணைக்கப்பட்ட பகுதிகளுக்கு 93 வார்டுகள் கிடைத்தன. 2011ஆம் ஆண்டு எண்களைக் கொண்டு சராசரி கண்டால், பழைய பகுதியில் ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 43,000 பேரும், புதிய பகுதியில் ஏறத்தாழ 22,000 பேரும் வருகின்றனர். பழைய பகுதியைச் சேர்ந்த தரமணி, 170 முதல் 182 வரையிலான வார்டுகளைக் கொண்ட 13ஆம் மண்டலமான அடையாற்றில் உள்ளது. சாலைக்கு அப்பால் உள்ள பெருங்குடி 14ஆம் மண்டலம். விரிவாக்கத்தால் பழைய நகரத்தில் ஒரு மாமன்ற உறுப்பினர் பொறுப்பேற்கும் மக்கள் எண்ணிக்கை கூடியது. அதே வேளையில் புதிய பகுதிகள் பரப்பில் பெரியவை, சாலை, வடிகால் வசதிகளில் பின்தங்கியவை என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. வார்டுகள் இருந்தும் உறுப்பினர்கள் இல்லாத காலம் அது.

வட்டமும் மாவட்டமும்

2011க்குப் பின் மாநகராட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் வேறுபட்டன. பெருங்குடியில் வசிப்போர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குச் செலுத்தினர். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்குக் காஞ்சிபுரம் மாவட்ட வருவாய் நிர்வாகத்தை நாடினர். தரமணியில் இருப்போருக்கு இரண்டும் சென்னையே. இந்த இரட்டை நிலை ஏழு ஆண்டுகள் நீடித்தது.

சென்னை மாவட்டத்தில் முன்பு கோட்டை-தண்டையார்பேட்டை, பெரம்பூர்-புரசைவாக்கம், எழும்பூர்-நுங்கம்பாக்கம், மாம்பலம்-கிண்டி, மயிலாப்பூர்-திருவல்லிக்கேணி என 5 வட்டங்கள் இருந்தன. 2013-14 காலத்தில் அவை 10 ஆக்கப்பட்டன. அப்போது தோன்றிய வேளச்சேரி வட்டத்தில் தரமணி அடங்கியது. 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் வட்டங்களும், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்களும் சேர்க்கப்பட்டு மாவட்டம் 16 வட்டங்களாக விரிந்தது. மாநகராட்சியும் மாவட்டமும் மீண்டும் 426 சதுர கிலோமீட்டர் என்ற ஒரே எல்லைக்குள் வந்தன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. ஒரு காலத்தில் தரமணியை உள்ளடக்கியிருந்த மாவட்டத்தின் பெயரே இது என்றாலும், எல்லை முற்றிலும் வேறானது.

தரமணி இன்று இடம்பெறும் பிரிவுகள்:

மாவட்டம்: சென்னை
வருவாய் வட்டம்: வேளச்சேரி
உள்ளாட்சி: பெருநகர சென்னை மாநகராட்சி, 13ஆம் மண்டலம் (அடையாறு)
சட்டமன்றத் தொகுதி: வேளச்சேரி
மக்களவைத் தொகுதி: தென் சென்னை
அஞ்சல் குறியீட்டு எண்: 600113

எல்லைகளின் விளைவு

நிர்வாக எல்லை எங்கே செல்கிறது என்பது அன்றாட வாழ்வைத் தொடும் செய்தி. இதற்குப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு முதன்மையான சான்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அமைந்த இக்கிடங்கில் தென்சென்னையின் குப்பையை மாநகராட்சி பல ஆண்டுகள் கொட்டி வந்தது. 2011 வரை அவ்விடத்தைச் சூழ்ந்திருந்த ஊர்கள் மாநகராட்சிக்கு வெளியே, வேறொரு மாவட்டத்தில் இருந்தன. புகையையும் நாற்றத்தையும் தாங்கிய அம்மக்களுக்கு, குப்பை கொட்டிய மாமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை.

மழைநீரும் வார்டு, வட்ட எல்லைகளைப் பின்பற்றி ஓடுவதில்லை. வேளச்சேரி, தரமணி, பெருங்குடிப் பகுதிகளின் நீர் சரிவை ஒட்டிச் சதுப்பு நிலத்தை நோக்கியும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் செல்கிறது. மேற்பகுதி ஒரு மாநகராட்சியிலும் கீழ்ப்பகுதி பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இருந்த காலத்தில், ஒரே வடிகாலுக்குப் பல அமைப்புகள் பொறுப்பாக இருந்தன. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது இவை பெரும்பாலும் ஒரே மாநகராட்சிக்குள் வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வேளச்சேரியும் சுற்றுப்புறமும் அவ்வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வார்டு மறுவரையறைக்கும் நலத்திட்ட ஒதுக்கீட்டுக்கும் 2011ஆம் ஆண்டு எண்களே தொடர்ந்து பயன்பட்டு வந்துள்ளன. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்புக்கு முன் மாவட்டம், வட்டம், வார்டு ஆகியவற்றின் எல்லைகளை மாற்றாமல் நிறுத்தி வைப்பது நடைமுறை. தரமணிக்கு இருபுறமும் உள்ள பழைய, புதிய பகுதிகள் ஒரே மாவட்டத்திலும் ஒரே மாநகராட்சியிலும் சேர்த்து எண்ணப்படும் முதல் கணக்கெடுப்பாக அது அமையும்.